இடைவேளைக்குப் பிறகு மங்கல்

இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் தின்பண்ட வரிசைக்கு ஓடினார்கள். சுருட்டை மட்டும் பெண்கள் கழிப்பறைக்கு ஓடினாள். அந்தத் திரையரங்கில் கழிப்பறை, பாஸைச் சோதிக்கும் வாசலுக்கு வெளியே இருந்தது. கட்டிடம் கட்டியவன் நன்றாக இருக்கட்டும். கடைசி அறைக்குள் நெட்டை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், பல் ஆஸ்பத்திரி வரவேற்பறைச் சீருடையில், ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமல்.

"சொல்லுடி, சீக்கிரம்."

"அண்ணன் செத்துட்டான். தங்கச்சிக்குத் தெரியாது. ஒரு நாய் வருது, அது யாரோடதுன்னு இன்னும் சொல்லல. மாமன் மேலதான் எனக்கு சந்தேகம்."

"மாமன் எப்படி இருப்பான்?"

"பெரிய மீசை. திருட்டு முழி."

"மீசை, முழி எல்லாம் வேணாம். சட்டை என்ன கலர்?"

"பழுப்பு."

"அது போதும். குடு."

சுருட்டை தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். கழுத்தில் தொங்கிய பாஸைக் கொடுத்தாள். கடைசியாக மூக்கின் மேலிருந்த தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். நெட்டை அதை மாட்டிக்கொண்டு, கதவில் ஒருமுறை இடித்துக்கொண்டு, வெளியே போனாள். வாசலில் நின்றவன் பாஸிலிருந்த படத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், தலையை ஆட்டினான். படத்தில் இருந்ததே ஒரு துணியும் ஒரு கண்ணாடியும்தான். நடுவிலிருந்த முகம் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தம்.

சுருட்டை தட்டுத்தடுமாறி பஸ் பிடித்து வேலைக்குப் போனாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. அதற்குக் கண்ணாடி தேவையில்லை. வெள்ளை விரிப்பில் பார்க்க என்ன இருக்கிறது? வேதியியலில் பட்டம் வாங்கியவள் அவள். வீட்டிலேயே முதல் பட்டம். தண்ணீர் லாரி ஓட்டும் அப்பா சிக்னலில் நிற்கும்போதுகூடப் பக்கத்து வண்டிக்காரனிடம் "என் பொண்ணு பட்டதாரி" என்பார். அந்தப் பட்டம் இதுவரை பயன்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு: சலவைத்தூளில் எது போலி என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள்.

பாஸ் வந்த கதை இது. ஒரு கலை வாரப் பத்திரிகையில் வந்த சினிமா விமர்சனத்தைப் படித்துவிட்டு, ஆத்திரம் தாங்காமல் அவள் ஆசிரியருக்கு எழுதினாள். 'இதை எழுதியவர் படத்தைப் பார்த்தாரா, இல்லை அதன் நிழலில் படுத்துத் தூங்கினாரா?' என்று தொடங்கிற்று அந்தக் கடிதம். ஆசிரியர் மிரண்டுபோய் அதை அச்சிட்டார். அடுத்த வாரமே, சினிமா, கச்சேரி, நாடகம், ஓவியம் எல்லாவற்றையும் பார்த்து 'ஊசி' என்ற பெயரில் எழுதச் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை, போனில் பேசியதோடு சரி. பாஸ் தபாலில் வந்தது.

சிக்கல் என்னவென்றால், சலவைக்கூடத்தில் அவளுடைய ஷிஃப்ட் சரியாக எல்லாப் படங்களின் இடைவேளையிலும் ஆரம்பித்தது. நெட்டையின் ஷிஃப்ட் சரியாக அப்போதுதான் முடிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்தவள் நெட்டை. பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவள். ஆக முன்பாதி சுருட்டைக்கு, பின்பாதி நெட்டைக்கு. ஓவியக் கண்காட்சி என்றால் இடப்பக்கச் சுவர் இவளுக்கு, வலப்பக்கச் சுவர் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை சுருட்டை எழுதுவாள். ஒரே மனதுக்குள் இத்தனை முரணா என்று வாசகர்கள் மயங்கிப் போனார்கள். முன்பாதியை ஊசி கிழித்துத் தொங்கவிடும். பின்பாதிக்கு வந்தால் அதே ஊசி உருகும். 'விளிம்புகள் கரைகின்றன. யார் யாரென்று தெரியாத ஒரு பொதுமை.' இதெல்லாம் நெட்டை சொன்னது, சுருட்டை சொல்லால் உடுத்திவிட்டது.

ஆனால் ஒரு குறை இருந்தது. சுருட்டை ஒரு முடிவைக்கூடப் பார்த்ததில்லை. விமர்சகி ஆன நாளிலிருந்து அவளுடைய உலகத்தில் எந்தக் கொலைகாரனும் பிடிபடவில்லை, எந்தக் காதலும் சேரவில்லை, எந்த ராகமும் இறங்கி வந்து உட்காரவில்லை. எல்லாம் அந்தரத்தில் தொங்கின. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கச் சலவைக்கூட வாசலுக்கு நெட்டை வரும்போது, "கடைசியில என்னடி ஆச்சு?" என்று கேட்பாள். "ஏதோ ஒண்ணு ஏதோ ஒண்ணைக் கட்டிப்பிடிச்சுதுடி, ரொம்ப அழகா இருந்துச்சு" என்பாள் நெட்டை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நெட்டையின் அக்கா வீட்டுச் சமையலறையில்தான் கூட்டம். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுருட்டை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"கச்சேரியிலேருந்து ஆரம்பிப்போம். அந்தம்மா முன்பாதி சுமாராத்தான் பாடினா. நான் கிளம்புற நேரம் ஒருத்தன் அண்டா சைஸுக்கு ஒரு முரசைத் தூக்கிட்டு மேடைக்குப் போறான். என்னடி அது?"

"பின்பாதிக்கு. தும் தும்னு அடிச்சுக்கிட்டே இருப்பான். இப்போ எல்லாக் கச்சேரியிலயும் ஒருத்தன் இருக்கான்."

"பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல. நாமதானே எழுதினோம், 'பின்பாதியில் அடியில் ஓயாத ஒரு துடிப்பு'ன்னு. அதிலேருந்து வெச்சுக்கிட்டாங்க."

"நீ கேட்டதாச் சொன்னே, நான் எழுதினேன்."

"கேட்டேன்டி, சத்தியமா. எல்லா கச்சேரியிலயும் கேக்கும். போய் உக்காந்ததும் நல்லா கேக்கும், அப்புறம் மெல்ல அடங்கிடும்."

"நாலு மாடி படி ஏறி ஓடினா எனக்குந்தான் காதுல தும் தும்னு கேக்கும்" என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ சும்மா இருக்கா. உனக்கு இதெல்லாம் புரியாது" என்றாள் சுருட்டை.

"சரிம்மா, புரியாது. கண்ணு எரியுது, அது மட்டும் புரியுது."

"அடுத்தது நாடகம்."

"அய்யோ, நாடகம். பின்பாதி முழுக்கப் புகை. ராஜா வேஷம் போட்டவர் மேடை எங்க முடியுதுன்னு தெரியாம முன்வரிசையில ஒருத்தர் மடியில விழுந்துட்டார். அங்கேருந்தே வசனம் பேசி முடிச்சார். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"படம்?"

"இப்போ கேமராவுல எண்ணெய் தடவி எடுக்கறாங்களாம். இடைவேளைக்கு அப்புறம் ஆளே தெரியறதில்லைன்னு பல் பிடுங்க வந்தவர்கூடச் சொன்னார்."

சுருட்டைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிற்று. "எந்தக் கூறுகெட்டவ ஆரம்பிச்சா இந்த மங்கலை? நமக்கு ஒரு முகத்தை ஒழுங்கா காட்ட இவனுங்களுக்கு என்ன கேடு? வசதி இருக்கிறவனுக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சு தெரிஞ்சு அலுத்துப்போச்சு, அதான் புகை போடறான். இதை இந்த வாரம் கிழிக்கறேன் பாரு."

நெட்டை ஒரு வெங்காயத் தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் போன் வந்தது. ஆசிரியர்.

"ஊசிதானே? உங்க பின்பாதிக்கு நான் அடிமைம்மா. முன்பாதி யார் வேணாலும் எழுதலாம். அந்தப் பின்பாதி இருக்கே!" சுருட்டை பல்லைக் கடித்துக்கொண்டாள். "விஷயம் என்னன்னா, முழுநேர வேலை ஒண்ணு காலியாகுது. இனிமே உங்களுக்கு வேற பொழப்பே வேண்டாம். எல்லாத்தையும் முழுசா உக்காந்து பாக்கலாம். வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய படத்தோட முதல் காட்சி. இடைவேளையில உங்களை மேடையேத்தி அறிவிக்கறேன். வந்துடுங்க."

சுருட்டை போனை வைத்தாள். அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்: முழுசா. கடைசி விளக்கு எரியும்வரை நாற்காலியில் உட்காரலாம். தங்கச்சிக்குத் தெரிய வருகிற நிமிஷத்தில் அவளும் அங்கே இருக்கலாம்.

"ஒரு ஆளுக்குத்தான் வேலை" என்றாள் மெதுவாக.

"நீ போடி. எழுதறது நீதானே. எனக்குப் பல் ஆஸ்பத்திரி இருக்கு" என்றாள் நெட்டை, யோசிக்கக்கூட இல்லாமல்.

அன்று கலைக்கூடத்தில் எல்லோருக்கும் இலவச அனுமதி. பாஸ் தேவையில்லாத நாள். இந்தக் கொண்டாட்டத்தில் இரண்டு பேரும் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள். இத்தனை காலத்தில் ஒரே நேரத்தில் ஒரே படத்தின் முன்னால் இருவரும் நின்றது அதுதான் முதல் தடவை.

பெரிய திரைச்சீலை. பச்சையாக ஏதோ வழிந்திருந்தது. பக்கத்தில் ஓவியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் நாலைந்து பேர் தாடையைத் தடவியபடி "ம்ம்" என்றார்கள். ஓவியக் கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு அந்த "ம்ம்"மை யார் கற்றுத் தருகிறார்களோ. சுருட்டையின் வீட்டில் யாருக்கும் அது வராது.

"இது என்னடி, ஒண்ணும் புரியல" என்றாள் சுருட்டை.

"இரு, கண்ணாடியைக் குடு" என்றாள் நெட்டை, பழக்க தோஷத்தில். வாங்கி மாட்டிக்கொண்டாள். பார்த்தாள். "ம், இப்போ சரி. எப்பவும் போல இருக்கு."

"எப்பவும் போலன்னா?"

"அதான்டி. மங்கலா. கலையா."

சுருட்டைக்கு நெட்டையின் முகமே ஒரு மாவு உருண்டையாகத்தான் தெரிந்தது. இருந்தும் அவளுக்குள் எதுவோ சட்டென்று குளிர்ந்தது. "ஏய். உனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியும்? ஆஸ்பத்திரியில யாருக்குச் சொத்தைன்னு வாசல்லேருந்தே சொல்லுவியே?"

"நல்லாத் தெரியும்."

"அப்போ அதை மாட்டினா உனக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியாது. கரைஞ்சாப்பல இருக்கும். உனக்கும் அப்படித்தானே?"

"எனக்கு அதைப் போட்டாத்தான்டி தெளிவாத் தெரியும்!"

நெட்டை கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுடைய முகம் சிவந்ததை, பாவம், சுருட்டையால் பார்க்க முடியவில்லை.

"ஒரே கண்ணாடிதானே" என்றாள் நெட்டை. "நீ பாக்கிறதைத்தான் நானும் பாக்கறேன்னு நினைச்சேன். முதல் நாளே சொன்னியே, உள்ள போய்க் கழட்டாதே, பிடிச்சுடுவாங்கன்னு. படிச்சவங்க இதை மாட்டிக்கிட்டுத்தான் கலை பாப்பாங்க போலன்னு விட்டுட்டேன். நீ வேற மாமனுக்கு மீசை இருக்குன்னு சொல்லுவியா, இந்த மங்கல்லயே மீசையைக் கண்டுபிடிக்கறாளே, பட்டதாரின்னா பட்டதாரிதான்னு நினைச்சுப்பேன்."

"லூசு! ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்டதான்டி கேக்க பயம்."

"என்கிட்டயா?"

"தெரியலன்னு சொன்னா ஒரு பார்வை பாப்பே. இப்போ அக்காவைப் பாத்தே பாரு, 'உனக்குப் புரியாது'ன்னு. அந்தப் பார்வை."

சுருட்டை வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் வாய் திறந்தபடியே இருந்தது. வாழ்க்கை முழுக்க அந்தப் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். கல்லூரியில், நேர்முகத் தேர்வுகளில், ஹோட்டலின் முன்வாசலில். அதைத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

ஓவியர் அருகில் வந்தார். "மன்னிக்கணும். நீங்க பேசினது காதுல விழுந்துது. நான் வருஷக்கணக்கா இலை வரைஞ்சேன். ஒவ்வொரு நரம்பும் தெரியும். ஒருத்தரும் வாங்கல. அப்புறம் ஊசியில படிச்சேன், வலப்பக்கச் சுவர்ல இருந்த என் படத்துல 'விளிம்புகள் கரைகின்றன'ன்னு. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுது. அன்னிக்கே எல்லாத்தையும் ஈரத்துணியால துடைச்சுட்டேன். இப்போ வரிசையில நின்னு வாங்கறாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "அந்த ஊசிக்கு நிஜமாவே அப்படித்தான் தெரிஞ்சுதா?"

"நிஜமாவே" என்றாள் நெட்டை, பரிதாபமாக.

வெளியே வந்ததும் நெட்டைதான் பேசினாள். "நீ யாருகிட்டயும் சொல்லாதே. நான் வாயைத் திறக்க மாட்டேன். வேலையை வாங்கிக்க. அப்புறம் முழுசா நீயே பாத்து நீயே எழுதிக்க. தானா சரியாப் போயிடும்."

அதுதான் புத்திசாலித்தனம். சுருட்டைக்கும் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் விரிப்பை விரிக்கும்போதெல்லாம், வருஷக்கணக்காக வரைந்த இலைகள் ஈரத்துணியில் வழிந்து போவது தெரிந்தது. எந்த விமர்சகனை 'நிழலில் படுத்துத் தூங்கினாரா' என்று கேட்டாளோ, அவன்கூடத் தூங்கத்தான் செய்தான். இவள் ஊரையே இருட்டாக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். நெட்டையையும் வரச் சொல்லியிருந்தாள். படத்தின் முன்பாதி வழக்கம்போலத் தெளிவாகவே இருந்தது. ஒரு வீடு, ஒரு தங்கச்சி, ஒரு காணாமல்போன அப்பா. சுருட்டை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இடைவேளையில் ஆசிரியர் மேடையேறினார். சின்ன உருவம், பெரிய குரல். அவர் 'ஊசி' என்று அறிவித்ததும் அரங்கம் எழுந்து நின்றது. படத்தின் இயக்குநர் ஓடி வந்து சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

அவள் மைக்கைப் பிடித்தாள். நன்றி சொல்லிவிட்டு இறங்கினால் வேலை அவளுடையது. இரண்டு சொல். அவ்வளவுதான்.

"நான் முன்பாதி மட்டும்தான் பாத்தேன்" என்றாள். "எல்லாத்திலயும். பின்பாதி என் சிநேகிதி பாத்தா. என் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தா. அவளுக்கு அந்தப் பவர் இல்ல. அதனாலதான் மங்கல். படம் மங்கல் இல்ல, நாடகம் மங்கல் இல்ல, கண்ணாடி சரியில்ல. கச்சேரியில கேட்ட துடிப்பு, அவ படி ஏறி ஓடி வந்த இதயத்துடிப்பு. நீங்க எல்லாரும் சேந்து ஒரு தப்பான கண்ணாடியைப் பாத்துக் காப்பியடிச்சிருக்கீங்க. புகையை நிறுத்துங்க. முரசுக்காரரை வீட்டுக்கு அனுப்புங்க. இனிமேலாவது மூஞ்சியைக் காட்டுங்க."

செருப்பு வருமா தக்காளி வருமா என்று சுருட்டை காத்திருந்தாள். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் கூரை அதிர்ந்தது.

"தப்பான கண்ணாடி!" என்று ஒருவர் பரவசமாகக் கத்தினார். "என்ன ஒரு சிந்தனை!"

"சிந்தனை இல்லய்யா, நடந்தது!"

"பவர் எவ்வளவு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மைனஸ் நாலரை. அதுக்கு என்ன?"

நூறு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "அந்தச் சிநேகிதி எங்கே?" என்றார். நெட்டை பின்வாசல் ஓரம் சீருடையோடு நின்றிருந்தாள். அத்தனை உயரத்தை எங்கே ஒளிப்பது? ஆளாளுக்கு வழிவிட்டு அவளை மேடைவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆசிரியர் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"வேலை உங்களுக்குத்தான்மா" என்றார்.

"எனக்கா?" என்றாள் நெட்டை.

"தெளிவாப் பாக்கறவங்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அதுக்கு எதுக்கு சம்பளம்? இப்படிப் பாக்கறவங்க நீங்க ஒருத்தர்தான். ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் கண்ணாடியைக் கழட்டக் கூடாது. முன்பாதிக்கும் சேத்து மாட்டிக்கணும்."

சுருட்டையின் காது இரைந்தது. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நெட்டை சுருட்டையின் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "அதைப் போட்டா எனக்குத் தலை வலிக்கும் சார்" என்றாள். "ரொம்ப நாளாவே வலிக்குது. ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டறேன்."

"வலியிலேருந்துதான்மா கலை வருது."

"அப்படியா சார்? அப்போ நீங்களே மாட்டிக்கோங்க."

சுருட்டையின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மிகவும் மரியாதையாக, நோயாளிக்கு மாட்டுவதுபோல ஆசிரியரின் காதுகளில் மாட்டிவிட்டாள். ஆசிரியர் சுற்றிலும் பார்த்தார். "அடடா" என்றார். "அடடா, அடடா" என்றபடியே இரண்டு எட்டு வைத்து, மேடைப் படி இல்லாத பக்கமாக இறங்கிவிட்டார். பெரிதாக அடிபடவில்லை. நாலு பேர் தூக்கி நிறுத்தியதும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி எறியப் போனார். நெட்டை பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"எழுதறது இவதான் சார். இவளுக்குக் குடுங்க வேலையை" என்றாள்.

"எழுத ஆள் கிடைப்பாங்கம்மா" என்றார் ஆசிரியர், முழங்காலைத் தடவியபடி. "உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க. ஊசியை இத்தோட நிறுத்திக்கலாம்."

அவ்வளவுதான். மேடையிலேயே முடிந்து போயிற்று. திங்கட்கிழமை மறுபடி விரிப்பு, மறுபடி இஸ்திரி. அப்பா சிக்னலில் என்ன சொல்வார் என்று ஒரு கணம் தோன்றிற்று. அவர் அதையேதான் சொல்வார். இயக்குநர் கெஞ்சும் குரலில், "பின்பாதியைப் போடலாமா? உங்களுக்காகவே எடுத்தது" என்றார்.

"போடுங்க" என்றாள் சுருட்டை. "வேலைதான் போச்சு. முடிவையாவது பாத்துட்டுப் போறேன்."

ஆசிரியரைக் கட்டுப்போட அழைத்துப் போயிருந்ததால் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நெட்டை அதில் உட்கார்ந்தாள், வெறும் கண்ணோடு. சுருட்டை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். விளக்கு அணைந்தது. திரையில் கஞ்சி கொதிப்பதுபோல் ஏதோ அசைந்தது.

"இது என்னடி?" என்றாள் நெட்டை. "நான் கண்ணாடி போடலையே?"

"உன் கண்ணுல தப்பு இல்ல. அவன் எடுத்ததே அப்படித்தான்."

"இதையா நான் அழகுன்னு சொன்னேன்?"

"வாயை மூடிக்கிட்டுப் பாரு. முடிவு வரப்போகுது."

இடது ஓரத்திலிருந்து வெள்ளையாக, உயரமாக ஒன்று வந்து நின்றது. பின்னணியில் முரசு தும் தும் என்றது.

"தங்கச்சி வந்துட்டா" என்றாள் சுருட்டை, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அது தங்கச்சி இல்லடி. ஃப்ரிட்ஜு."

"முன்பாதி பாத்தவ நான். தங்கச்சி வெள்ளைதான் போட்டிருந்தா."

"எந்தத் தங்கச்சி இத்தனை நேரம் ஆடாம அசையாம நிப்பா?"

"துக்கம்டி! அப்பா செத்த சேதி கேட்டு நிக்கறா!"

"அப்போ ஏன் அவ வயித்துலேருந்து ஒருத்தன் பாட்டில் எடுக்கறான்?"

முன்வரிசையில் ஒருவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார். பின்னாலிருந்த பெண்மணி குனிந்து, "எனக்கென்னவோ ஜன்னல்னு படுது" என்றாள். "ஜன்னல்லேருந்து பாட்டில் எடுப்பாங்களா?" என்று நெட்டை அவளோடும் சண்டைக்குப் போனாள். "ஷ்ஷ்" என்றவரே எழுந்து நின்று, அது நிச்சயமாகக் குதிரை என்றார். மூன்று வரிசை பற்றிக்கொண்டது. சுருட்டை தன் கட்சிக்கு ஆள் சேர்த்தாள். தங்கச்சியின் துக்கத்தை, அவளுடைய வெள்ளை உடையின் நியாயத்தை, நாற்காலியில் முட்டி போட்டுப் பின்வரிசைக்கு விளக்கினாள். இத்தனை நாளில் எந்தப் படத்துக்காகவும் அவள் இப்படி வாதாடியதில்லை. நெட்டையும் விடவில்லை. இருபது வருஷமாகப் பேசாததையெல்லாம் ஒரு ஃப்ரிட்ஜின் தலையில் ஏற்றிப் பேசினாள்.

பளிச்சென்று விளக்கு எரிந்தது.

சுருட்டை திரும்பிப் பார்த்தாள். திரை வெறுமையாக இருந்தது. ஆட்கள் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுடுச்சா?" என்றாள்.

"முடிஞ்சுது" என்றார் குதிரைக்காரர்.

"கடைசியில என்ன ஆச்சு?"

"நான் உங்களைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

அவள் இயக்குநரிடம் ஓடினாள். அவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "அந்த வெள்ளை, தங்கச்சியா ஃப்ரிட்ஜா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "படம் எடுக்கும்போது தெரிஞ்சுது. அப்புறம் எண்ணெய் தடவித் தடவி... இப்போ எனக்கே தெரியலங்க."

தெருவுக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. சுருட்டைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்து இருமினாள்.

"தங்கச்சிதான்" என்றாள்.

"நீ பட்டதாரியா இருக்கலாம். அது ஃப்ரிட்ஜு. கதவு திறந்து மூடிச்சு. நான் பாத்தேன்."

சுருட்டை அவளை நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் பார்க்கிற பார்வை பாதிவரை வந்தது. அப்புறம் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டாள்:

"கைப்பிடி எந்தப் பக்கம்டி இருந்துச்சு?"